ஆலோசகரே விரிவுரையாளராக இருந்தால்?

கேள்வி: ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் ஆரையம்பதி. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன், முதல் செமஸ்டரில் கணிதத்திலும் இன்னொரு பாடத்திலும் தவறிவிட்டேன். விரிவுரை ஆங்கிலத்தில் ஓடுகிறது. எழுதி முடிப்பதற்குள் பலகையை அழித்துவிடுகிறார்கள். சில வாரங்களாகத் தூக்கமில்லை, வகுப்புக்கும் ஒழுங்காகப் போவதில்லை. இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. மாணவ ஆலோசகரிடம் போகலாமென்றால் அவரே எங்களுக்குப் பாடம் எடுப்பவர். படிப்பை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போய்விடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, போகிற போக்கில் 'இருந்து என்ன பயன்' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. படிப்பை நினைத்து எழுதினீர்களா, உயிரை நினைத்தா? உயிரை நினைத்தென்றால் இதை வாசித்து முடிக்கக்கூட வேண்டாம். அறை நண்பனை எழுப்பிச் சொல்லுங்கள். 1926 இற்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

அப்படியில்லை என்றாலும், வாரக்கணக்கில் தூங்காதவருக்கு முதலில் தேவை வைத்தியர், ரியூஷன் பிறகு. பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். அங்கே தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசும் கேட்கமாட்டார்கள். இதில் பரீட்சை சார்ந்த ஒரு விஷயமும் உண்டு. நோயால் பரீட்சை எழுத முடியாமல் போய், வைத்தியச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுத்து அது ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுவது பொதுவாக முதல் தடவையாகவே கணிக்கப்படும். சும்மா போகாமல் விட்டால் அது மீள்பரீட்சை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் சி தரத்தோடு நின்றுவிடும். நீங்கள் தவறிய இரண்டு பாடங்களுக்கும் கிடைக்கப்போவது அந்த சிதான். ஜிபிஏ (தரப்புள்ளிச் சராசரி) கொஞ்சம் அடிபடும், பட்டம் போய்விடாது.

கட்டாரைப் பற்றி இந்த நிலையில் முடிவெடுக்காதீர்கள். இடைவெளி தேவைப்பட்டால் பீட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். காரணத்தைப் பார்த்து ஒத்திவைக்க இடமுண்டு. சொல்லாமல் கொள்ளாமல் நின்றவர்கள்தான் திரும்பி வரும்போது அல்லாடுகிறார்கள்.

ஆலோசகரைப் பற்றிய உங்கள் பயம் பிழையானதல்ல. நம் பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர் என்பவர் பெரும்பாலும் மேலதிகப் பொறுப்பேற்ற விரிவுரையாளர்தான். அதனால் உங்களுக்குக் கற்பிக்காத ஒருவரைத் தேடுங்கள், வேறு துறையில், வேண்டுமானால் வேறு பீடத்தில். முதல் சந்திப்பில் எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை. "இரண்டு பாடம் தவறிவிட்டது, தூக்கம் வருவதில்லை" என்ற அளவே போதும்.

படிப்புக்கு? அறிவித்தல் பலகையில் ஒட்டும் உதவித் திட்டங்களைவிட, விடுதியில் மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் 'குப்பி'யைத்தான் நான் நம்புவேன். சிரேஷ்ட மாணவரோ கூடப் படிப்பவரோ தமிழில் விளக்கும்போது, ஒரு மணி நேர விரிவுரை பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஒரே குறை, பரீட்சை நெருங்கிய பிறகுதான் குப்பி களைகட்டும். கணிதத்தில் கெட்டிக்காரன் ஒருவனைப் பிடித்து இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். போதனாசிரியர்களிடமும் போங்கள், அண்மையில் பட்டம் முடித்த அவர்களுக்கு இந்தத் தவிப்பு மறந்திருக்காது. "ஒன்றும் விளங்கவில்லை, சேர்" என்று போனால் அவர் எங்கே தொடங்குவார்? பயிற்சித்தாளில் நீங்களே செய்துபார்த்து, சிக்கிய வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்.