சில்லு வண்டியில் பூட்டியதும் நாய் நகராமல் நிற்பது

பின்னங்கால் இயங்காத நாய் நடப்பதற்காகப் பூட்டும் சில்லு வண்டியில், பின்பக்கச் சட்டத்தை ஒரு துளை கீழே இறக்குங்கள். பூட்டியதும் உங்கள் நாய் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நிற்கிறது என்றீர்கள், பெரும்பாலும் பின்பக்கம் உயர்ந்து பாரமெல்லாம் முன்னங்கால்களில் விழுகிறது.

சமதரையில் விட்டு, பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள், தோளிலிருந்து இடுப்பு வரை முதுகு மட்டமாக இருக்க வேண்டும். டைல்ஸில் பழக்காதீர்கள், வழுக்கும். கடற்கரை மணலில் சில்லு புதையும், கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்து கொங்கிரீட் ஒழுங்கைகள்தான் தோது, அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. முதலில் ஐந்து நிமிடம் போதும். அவித்த கோழித்துண்டு ஒன்றை மூக்குக்கு முன்னால் காட்டுங்கள், எங்கள் வீட்டு நாய்ப்பிள்ளை அதற்குத்தான் முதல் அடி வைத்தது!

கழற்றியதும் கவட்டில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னங்கால்களும் தள்ளாடினால் வண்டி சரிசெய்வதை விட்டுவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.