சாம்பல் சிலுவை வெள்ளியா?

கேள்வி: வியன்னாவில் நாஷ்மார்க்ட் சனிக்கிழமைச் சந்தையில் சின்ன சாம்பல் நிறச் சிலுவை ஒன்று வாங்கினேன். கைகளுக்கு நடுவே இலை வளையம், 'கரோலுஸ்' என்று எழுத்து. வெள்ளி என்றார் கடைக்காரர். விலைமதிப்பு உள்ளதா?

பதில்: வெள்ளி இல்லை, துத்தநாகம். இது கார்ல் படைச் சிலுவை, முதல் உலகப் போரில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு தன் படையினருக்குக் கொடுத்த பதக்கம். 'கரோலுஸ்' என்பது கார்ல் என்ற பெயரின் லத்தீன் வடிவம். பழைய பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் 1916 நவம்பரில் இறந்ததும் பட்டத்துக்கு வந்த பேரரசர் கார்ல் டிசம்பரிலேயே இதை ஏற்படுத்தினார், போர்முனையில் குறைந்தது 12 வாரம் இருந்தவர்களுக்கு, சிப்பாய் முதல் தளபதி வரை பதவி பார்க்காமல் கொடுத்தார்கள். போரில் உலோகத் தட்டுப்பாடு, அதனால்தான் துத்தநாகம். திருப்பிப் பாருங்கள், இரண்டு கிரீடங்கள் இருக்கும், ஒன்று ஆஸ்திரியாவுடையது, மற்றது ஹங்கேரியுடையது. கீழே ரோமன் எண்ணில் 1916. லட்சக்கணக்கில் வழங்கியது என்பதால் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். சிவப்பு, வெள்ளைக் கோடு போட்ட முக்கோண நாடா பழையதாகவே கூட இருந்தால் கொஞ்சம் கூடும்.

தயவுசெய்து புளி, எலுமிச்சை என்று போட்டுத் தேய்க்க வேண்டாம், துத்தநாகத்தை அமிலம் அரித்துவிடும்.

அப்புறம் ஒன்று. அடுத்த முறை யாராவது இதே போர்க்காலத்து ஆஸ்திரிய 'தங்க' வீரப் பதக்கம் என்று நீட்டினால் பதக்கத்தின் முன்பக்கத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். 'ப்ரோன்ஸே' என்று ஜெர்மனில் பொறித்திருந்தால் அது முலாம் பூசிய வெண்கலம், தங்க விலை கொடுக்காதீர்கள்.