மலைக் காலேஜ் பொண்ணுங்க டீமுக்கு புது கோச்சுங்க: கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்

கொடைக்கானல்ல நம்ம பொண்ணுங்க காலேஜ் பாஸ்கெட்பால் டீமுக்கு இந்த ஜூன்ல புது கோச், ஒரு அசிஸ்டென்ட், ஃபிட்னஸ் பாக்க ஒரு பொண்ணுன்னு மூணு பேர் வந்திருக்காங்க. பதினஞ்சு வருஷம் ஒத்த ஆளா இழுத்துட்டு வந்த சார் ரிட்டயர் ஆயிட்டாரு. அதுலேர்ந்து மூஞ்சிக்கல் டீக்கடைல நிக்கிறவங்க எல்லாரும் கோச் ஆயிட்டீங்க. நான் யூனிவர்சிட்டி வரைக்கும் ஆடினவ, இருபத்திரண்டு வருஷம் ஸ்கூல்ல பி.டி.யா இருந்தவ, புது ஆளுங்க கூப்பிட்டாங்கன்னு நாலஞ்சு ப்ராக்டிஸ் போய் உக்காந்து பாத்தேன். இன்னைக்கு மழை விடல, வீட்லதான் இருக்கேன், கேளுங்க. யாருக்கு எவ்ளோ சம்பளம், யார் சிபாரிசுன்னு கேட்டா பதில் வராது.

வில்பட்டிக்காரன்: மேடம் இந்த வருஷம் கப் வருமா?

வராது. அடுத்த ஆளு.

பழைய கார்டு: அக்கா ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்க. மூணு பேரப் போட்டும் ஏன் வராது?

ஏன்னா புது கோச் வந்த முதல் வருஷம் டீம் கீழ போய்ட்டுதான் மேல வரும், அது எங்கயுமே அப்படித்தான். அமெரிக்கால பொண்ணுங்க காலேஜ் பாஸ்கெட்பால்னா கனெக்டிகட் யூனிவர்சிட்டி பேரு வராம இருக்காது, அங்க ஜீனோ ஆரியம்மாங்கற கோச் 1985ல பொறுப்பெடுத்தப்ப முதல் சீசன் 12 ஜெயிச்சு 15 தோத்தாரு, முதல் சாம்பியன்ஷிப் வந்தது 1995ல. டான் ஸ்டேலி சவுத் கரோலினா யூனிவர்சிட்டிக்கு கோச்சா 2008ல போனாங்க, ஒலிம்பிக்ல மூணு தங்கம் வாங்கின பிளேயர், அவங்களுக்கே முதல் சீசன் 10 ஜெயிப்பு 18 தோல்வி, கப்பு 2017ல. அங்க இருக்கிற காசுக்கும் ஜிம்முக்குமே பத்து வருஷம் ஒம்பது வருஷம். நமக்கு கூரை இல்லாத ஒரே ஒரு சிமென்ட் கோர்ட். பழைய சார்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணுங்க காலு ஒரு பக்கம் போகும், புதுசா சொல்றது இன்னொரு பக்கம் இழுக்கும், நடுவுல பால் எதிராளி கைல இருக்கும். ரெண்டாவது வருஷம் வாங்க, அப்ப கணக்கு பாக்கலாம்.

ஷெண்பகனூர் அம்மா: என் பொண்ணு செகண்ட் இயர். பத்து நாளா பாலையே கைல குடுக்கலையாம், குதி, எறங்கு, குதி, எறங்குன்னே இருக்காங்களாம். இதுக்கா ஸ்டாஃப் போட்டாங்க?

அம்மா, இதுக்குத்தான் போட்டாங்க. நான் உக்காந்து பாத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். முட்டிக்குள்ள ஏசிஎல்னு ஒரு ஜவ்வு இருக்கு. ஓட்டத்துல சட்டுனு திரும்பும்போதோ ரீபவுண்டு, அதாவது கூடைல விழாம திரும்பி வர்ற பால, எகிறி எடுத்துட்டு எறங்கும்போதோ முட்டி உள்பக்கம் மடங்கிச்சுன்னா அது அறுந்துரும், யாரும் இடிக்கவே வேண்டாம். இதே ஆட்டத்துல பசங்கள விட பொண்ணுங்களுக்கு இது ரெண்டு மடங்குக்கு மேல நடக்குது. அறுந்தா ஆபரேஷன், அப்புறம் திரும்ப கோர்ட்டுக்கு வர ஒம்பது மாசமாவது ஆகும், மூணு வருஷ டிகிரில ஒரு வருஷம் போச்சு. எனக்கு எடது முட்டி போனது பத்தொம்பது வயசுல, அப்ப என்ன பாத்துக்கிட்டவங்க எண்ணெய் தேச்சு கட்டு கட்டி அடுத்த மேட்ச் ஆட விட்டாங்க, இன்னைக்கும் ஏரி ரோட்ல முழு சுத்து நடக்க முடியாது. முட்டிய மடக்கி, ரெண்டு காலும் சேந்து, சத்தம் வராம எறங்கப் பழகினா இந்த அடி நெஜமாவே குறையுது, வாரம் ரெண்டு மூணு நாள், பதினஞ்சு இருபது நிமிஷம் போதும். அந்த ஃபிட்னஸ் பொண்ணு கண்ண மூடிட்டு காதால கேட்டே யாரு தப்பா எறங்குறான்னு சொல்லுது. பால் எங்கயும் ஓடிப் போகாது.

இன்னொண்ணு, எல்லாருக்கும் சேத்து: ஈரக் கோர்ட்ல ஆட விடாதீங்க. ஐப்பசி கார்த்திகைல நம்ம கோர்ட்டுல பாசி பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

நம்பர் 11: அக்கா புதுசா வந்த பால் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு, விரல் வலிக்குது. மட்டமான கம்பெனியா?

கம்பெனி மேல தப்பு இல்ல. வத்தலக்குண்டுல வாங்கின சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வர்றதுக்குள்ள உப்பி நிக்குதுல்ல, அதே கதைதான். கீழ காத்தடிச்ச பால் இங்க 2,100 மீட்டருக்கு வந்ததும் வெளிய அழுத்தம் குறைஞ்சு உள்ள இருக்கிற காத்து தெம்பாயிடுது, குளிர்ல கொஞ்சம் எறங்கினாலும் மொத்தத்துல ரெண்டு பி.எஸ்.ஐ. (காத்தழுத்தம் அளக்குற கணக்கு) கிட்ட கூடத்தான் நிக்கும். ஊசி போட்டு எறக்குங்க. 1.8 மீட்டர் உயரத்துலேர்ந்து விட்டா பாலோட உச்சி 1.2லேர்ந்து 1.4 மீட்டருக்குள்ள எழும்பணும், அதான் அளவு. கீழ மேட்சுக்கு எடுத்துட்டுப் போனா திரும்ப காத்தடிக்க மறக்காதீங்க, இல்லன்னா அங்க பால் செத்த பூசணிக்கா மாதிரி விழும். அப்படியே அது ஆறாம் நம்பர் பாலான்னும் பாத்துக்கோங்க, பசங்க ஏழாம் நம்பர் கலந்து கெடக்குது.

அட்டுவம்பட்டி ஃபேன்: எந்த ஷூ வாங்கலாம்?

அடிப்பக்கம் தேயாதது.

பாம்பார்புரம் பிரஸ்: மெயின் மேட்டருக்கு வாங்க மேடம். சார் இருந்தவரைக்கும் 2-3 ஜோன், இப்ப வந்தவங்க மேன் டு மேன், அதுவும் ஃபுல் கோர்ட் பிரெஸ். சூப்பர்ல? மலைப் பொண்ணுங்களுக்கு மூச்சு ஜாஸ்தி, கீழ இருக்கிற டீம் எல்லாம் தாங்காது.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஜோன்னா ஆளுக்கு ஒரு எடத்தக் காக்குறது, 2-3ன்னா முன்னாடி ரெண்டு பேர் பின்னாடி மூணு பேர்; மேன் டு மேன்னா ஒருத்திக்கு ஒருத்தி; ஃபுல் கோர்ட் பிரெஸ்னா கோர்ட் பூரா விரட்டி நெருக்குறது. இந்த மூச்சுக் கதைய முப்பது வருஷமா கேக்குறேன். உயரத்துல வாழ்றவங்களுக்கு ரத்தத்துல சிவப்பணு கொஞ்சம் கூட இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா மேட்ச் எங்க நடக்குது? திண்டுக்கல், மதுரை. ஸ்வெட்டர் போட்டு ப்ராக்டிஸ் பண்ற பொண்ணு 36 டிகிரில போய் நின்னா மூச்சுக்கு முன்னாடி வேர்வை ஆளைச் சாப்பிட்டுரும். பத்து பத்து நிமிஷமா நாலு குவார்ட்டர், பன்னெண்டு பேர் இருந்தா மாத்தி மாத்தி எறக்கி பிரெஸ் பண்ணலாம். நம்மகிட்ட ஆடுற மாதிரி இருக்கிறது எட்டு பேர். மூணாவது குவார்ட்டர்ல கால் தூக்காது, கை நீளும், ஃபவுல் விழும், ஒரு குவார்ட்டர்ல அஞ்சாவது டீம் ஃபவுல்லேர்ந்து எதிராளிக்கு ரெண்டு ரெண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காம நின்னு கூடைல போடலாம். நல்லா யோசிங்க.

சாரோட ஸ்டூடன்ட்: அப்ப சார் பண்ணதுதான் கரெக்ட்னு ஒத்துக்கறீங்கள்ல? ஆளாளுக்கு அவரக் கொறை சொல்றாங்க.

நான் அவர எங்கயாவது கொறை சொன்னேனா? எட்டு பொண்ணு, ஈர கோர்ட், உயரமும் இல்ல, இத வெச்சுக்கிட்டு ஜோன் போட்டது புத்திசாலித்தனம். மழைக்கு அடுத்த நாள் துணி எடுத்து கோர்ட்டத் தொடைச்ச மனுஷன் அவரு.

பெரியகுளம் பால்பையன்: ஜோன் எல்லாம் பயந்தாங்கொள்ளி ஆட்டம். அமெரிக்கா லீக் என்பிஏலயே தடை.

தடைய 2001லயே எடுத்துட்டாங்க தம்பி. நம்ம ஆடுறது உலக பாஸ்கெட்பால் அமைப்பு ஃபீபாவோட ரூல், அதுல ஜோனுக்குத் தடையே கெடையாது, கூடைக்குக் கிட்ட மூணு செகண்டுக்கு மேல நிக்கக் கூடாதுங்கற ரூலும் அட்டாக் பண்றவங்களுக்குத்தான். மே மாசம் உங்க ஊர்லயே அகில இந்திய டோர்னமென்ட் நடக்குது, கேலரில உக்காந்து முறுக்கு சாப்பிடாம டிஃபென்ஸப் பாருங்க, பெரிய பெரிய டீம் ஜோனுக்கு மாறுறது தெரியும்.

பாம்பார்புரம் பிரஸ்: மேடம் நீங்க ரெண்டு பக்கமும் பேசுறீங்க.

ஆமா பேசுறேன், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஜோன்ல ரெண்டு ஓட்டை. கார்னர்லேர்ந்து மூணு பாயிண்ட் போடுறவ ஒருத்தி வந்துட்டா ஓடி ஓடி மூட முடியாது. ரீபவுண்டு வரும்போது நீ யாரத் தடுக்கணும்னு உனக்கே தெரியாது, ஆளு இல்ல, எடம்தான உன்னோடது. இதெல்லாம் கூடப் பரவால்ல. எனக்கு நெஜமான வருத்தம் வேற. போன நாலஞ்சு வருஷத்துல நம்ம பொண்ணுங்க யூனிவர்சிட்டி செலக்ஷனுக்குப் போவாங்க, அங்க முதல் நாளே ஒருத்திக்கு ஒருத்தின்னு நிறுத்துவாங்க, நம்மளுது எதிராளி பாலத் தட்டுற ரெண்டாவது ட்ரிபிள்லயே அவளத் தாண்ட விட்டுரும். கைல திறமை இருந்தும் பஸ் ஏறி திரும்பி வந்ததுங்க. சாரோட ஜோன் காலேஜுக்கு மேட்ச் வாங்கித் தந்துச்சு, பொண்ணுங்களுக்கு கேம்ப்ல எடம் வாங்கித் தரல. புது கோச்சுகிட்டயும் சொல்லிட்டேன், ப்ராக்டிஸ் பூரா மேன் டு மேன் ஆடுங்க, கீழ மேட்ச்ல ரெண்டாவது குவார்ட்டர்லேர்ந்து ஜோனுக்கு எறங்குங்க, பிரெஸ்ஸ கடைசி மூணு நிமிஷத்துக்கு வெச்சுக்கோங்கன்னு. சிரிச்சாங்க. கேப்பாங்களான்னு பாப்போம்.

சாரோட ஸ்டூடன்ட்: கேம்ப் விஷயம் உண்மைதான்க்கா. நானும் அப்படித் திரும்பினவதான்.

தெரியும்டா. உன்ன நெனச்சுத்தான் சொன்னேன்.

மெயின் ரோடு மளிகை: மேன் டு மேனா ஜோனா, ஒண்ணு சொல்லுங்க.

மேல படிங்க அண்ணே.

பூம்பாறை அப்பா: ப்ராக்டிஸ் அஞ்சரை வரைக்கும்னு மாத்திட்டாங்க. கடைசி பஸ்ஸ விட்டா என் பொண்ணு எப்படி வரும்?

இதுதான் இன்னைக்கு வந்ததுலயே உருப்படியான கேள்வி. கோச்சுங்க மூணு பேருமே கீழேர்ந்து வந்தவங்க, நம்ம ஊர்ல நாலு மணிக்கு மிஸ்ட் எறங்கினா போஸ்ட்டே தெரியாதுங்கறது இன்னும் பழகல. நாளைக்கே பேசுறேன். காலைல ஆறே முக்கால்னு வெச்சா வெளியூர்ப் பொண்ணுங்க வர முடியாது, அதனால மதியம் கடைசி ஹவர ஸ்போர்ட்ஸுக்குக் கேட்டு வாங்கணும், அதுக்கு பிரின்சிபால்கிட்ட பேரண்ட்ஸ் நாலு பேர் சேந்து போங்க, கோச்சு மட்டும் கேட்டா நடக்காது. அதுவரைக்கும் பொண்ண நாலேகாலுக்கு அனுப்பச் சொல்றேன். அதுக்காக பெஞ்ச்ல உக்கார வெச்சா என்கிட்ட சொல்லுங்க.

நாயுடுபுரம் நண்பன்: இதெல்லாம் ஆடி என்ன ஆகப் போறாங்க?

சென்னைப் பொண்ணு அனிதா பால்துரை 2021ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. குழந்தை பொறந்தப்புறமும் திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினாங்க, 2017ல பெங்களூருல கஜகஸ்தான ஜெயிச்சு ஆசியா கப் பி டிவிஷன் எடுத்த டீம்ல இருந்தாங்க. எல்லாரும் அப்படி ஆக மாட்டாங்க. பேங்க் வேலைக்கோ பி.டி. வேலைக்கோ போவாங்க, நான் போனேன். நீங்க என்ன ஆனீங்க?

ஃபர்ஸ்ட் இயர்: மேம் என் ஹைட் அஞ்சடி ஒண்ணு. ட்ரையல்ஸுக்கு வரலாமா?

வா. எடது கைல ட்ரிபிள் பழகிட்டு வா.

ஆனந்தகிரி அண்ணா: ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட் எத்தன?

காலேஜ் ஆபீஸ்ல கேளுங்க.

கோச் ஆகணும்: கோச்சிங் படிக்க என்ன பண்ணணும்?

பி.டி. வேலைக்குன்னா பி.பி.எட்., எம்.பி.எட்.னு உடற்கல்வி டிகிரி. கோச்சாவே ஆகணும்னா பாட்டியாலால இருக்கிற தேசிய விளையாட்டு நிறுவனம் என்.ஐ.எஸ். டிப்ளமோ. ஆடாம படிச்சா மட்டும் போதாது.

அட்டுவம்பட்டி ஃபேன்: மேடம் ஷூ பிராண்டு சொல்லலையே?

சொல்ல மாட்டேன். போட்டுப் பாத்து, குதிகால் ஆடாம இருக்கிறத வாங்குங்க, போதும்.

நம்பர் 11: அக்கா சனிக்கிழமை ஸ்கூல் பொண்ணுங்களோட ப்ராக்டிஸ் மேட்ச், வருவீங்களா?

பத்து மணிக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பெஞ்சா மேட்ச் கெடையாது, கோச்சுகிட்டயும் சொல்லி வை. பால் ஊசிய நான் எடுத்துட்டு வர்றேன்.