மக்காச்சோளம் மதியத்தில் இலை சுருட்டுகிறது, கிணற்றில் ஒரு மணி நேரத் தண்ணீர்தான். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கட்டலாமா?

வேண்டாம். அதாவது, காடு முழுக்கப் பரப்பி, தினமும் கொஞ்சம் என்று கட்ட வேண்டாம். இருக்கிற தண்ணீரைப் பூ எடுக்கும் சமயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகப் படிக்கிறவர்கள் இதோடு கிளம்பலாம். "பக்கத்துக் காட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்று கேள்வியில் ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதைப் படித்த பிறகு சும்மா போக எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்ததாகவே வைத்துக்கொள்கிறேன். புரட்டாசி மழையை நம்பி விதைத்திருப்பீர்கள். ஐப்பசியில் இரண்டு மழை ஏமாற்றியிருக்கும். மோட்டாரைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்து காற்றை இழுத்துவிடும். பகல் பன்னிரண்டு மணிக்குக் காட்டுக்குள் போனால் பயிர் முழுக்கக் குழல் குழலாக நிற்கும், வயிறு கலங்கும்.

அந்தச் சுருட்டலைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. மக்காச்சோள இலையின் மேல்தோலில் வரிசை வரிசையாகப் பெரிய செல்கள் இருக்கின்றன. நீர் குறைந்தால் அவை சுருங்கும், இலை உள்பக்கமாக மடங்கும், வெயில் படுகிற பரப்பு குறையும். பயிர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை இது. நீங்கள் பார்க்க வேண்டிய நேரம் மதியம் இல்லை, விடியற்காலை. மதியம் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் வேருக்கு இன்னும் ஈரம் எட்டுகிறது என்று அர்த்தம். விடியும்போதும் சுருண்டே நின்றால் ராத்திரி முழுக்க உறிஞ்சியும் அதற்குப் போதவில்லை. அப்போதுதான் ஓட வேண்டும்.

இலை வாடும் முன்பே வேருக்குச் சேதி தெரிந்துவிடுகிறது. மண் காயத் தொடங்கியதும் வேரில் அப்சிசிக் அமிலம் என்ற பொருள் கூடி, தண்ணீரோடு தண்டு வழியாக ஏறி இலைக்குப் போகும். அங்கே இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், ஆவியாகிப் போகிற நீர் குறையும். 1960களில் பருத்திப் பிஞ்சு ஏன் உதிர்கிறது என்று ஆராய்ந்தவர்கள் கையில் அகப்பட்ட பொருள் இது. பிஞ்சை உதிர்ப்பதில் எத்திலீன் என்ற வாயுவுக்குத்தான் பெரிய பங்கு என்று பிற்பாடு தெரிந்தது, அது வேறு கதை. ஒரு சால் (பயிர் வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற பள்ளம்) விட்டு ஒரு சால் தண்ணீர் கட்டும் முறை இதை வைத்துத்தான். காய்ந்த பக்க வேர் இலையை அடக்கிவைக்கும், நனைந்த பக்க வேர் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும். அடுத்த முறை சால்களை மாற்றிவிட வேண்டும்.

இனி என் கதை. மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கரிசல் காடு, சொந்தக் கிணறு. 2016 ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு, அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டத்தையுமே வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டி நிற்கும்போதே சுருட்ட ஆரம்பித்தது. நான் மோட்டார் பக்கமே போகவில்லை.

பெரியப்பா வரப்பில் நின்று சத்தம் போட்டார். "ஏன்டா, பயிரு இந்தா அந்தான்னு நிக்குது, கிணத்துல தண்ணிய வச்சுக்கிட்டு வேடிக்க பாத்துக்கிட்டு இருக்க?" பூ எடுக்கட்டும் பெரியப்பா என்றேன். பூ எடுக்கப் பயிர் இருக்கணும்ல என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் காடு என் அத்தை மகனுடையது. மச்சான் தினமும் மோட்டார் போட்டு, காடு முழுக்க மேலாக நனைத்துக்கொண்டிருந்தார். அவர் பயிர் உயரமாக, பச்சையாக இருந்தது. டீக்கடையில் என் காட்டைப் பற்றித்தான் பேச்சு.

மேலாக நனைத்தால் நிறையத் தண்ணீர் வெயிலுக்கே போய்விடும். அதோடு வேரும் ஈரம் கிடைக்கிற மேல் மண்ணிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கீழே இறங்காது. இளம் பருவத்தில் கொஞ்சம் காய்ந்த பயிர் வேரைக் கீழே விட்டுத் தேடும். இலை வளர்ச்சி நிற்கும், ஆள் குட்டையாக இருக்கும், அதைத்தான் ஊர் பார்த்துச் சிரிக்கும்.

கார்த்திகையில் உச்சியில் ஆண் பூ விரிந்தது. மக்காச்சோளத்துக்கு உயிர் போகிற கட்டம் அதுதான். கீழே கதிரிலிருந்து நூல் வெளியே வர வேண்டும், ஒரு நூலுக்கு ஒரு மணி. அந்த நூல் நீள்வதற்கு நீர் வேண்டும். மண் காய்ந்தால் நூல் வருவது தள்ளிப்போகும், ஆனால் மேலே மகரந்தம் அதற்காகக் காத்திருக்காது, ஒரு வாரத்தில் கொட்டி முடிந்துவிடும். பிந்தி வந்த நூலுக்கு மகரந்தம் ஏது? பூவுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம் காயவிட்டால் விளைச்சல் அடிபடுவது போல வேறு எந்தப் பருவத்தில் காயவிட்டாலும் அடிபடாது.

அதனால் பூ எடுக்கிற அறிகுறி தெரிந்ததும் மோட்டாரைப் போட்டேன். தண்ணீரைக் காடு முழுக்கப் பரப்பவில்லை. அன்றைக்கு ஊறியதை நாலைந்து சாலுக்கு மட்டும், மண் ஆழம்வரை நனைகிற மாதிரி. மறுநாள் அடுத்த சால்கள். மேட்டுப் பக்கத்தைக் கைவிட்டு மாட்டுக்கு அறுத்துப் போட்டேன். (நாட்டுச் சோளமாக இருந்தால் இப்படிச் செய்யாதீர்கள். வறட்சியில் நிற்கும் இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும், மாடு செத்துப்போகும்.) கிணற்றில் சேர்த்து வைப்பதற்கும் ஓர் அளவு உண்டு, ஊற்று மட்டத்துக்கு மேல் ஏறாது. அந்த அளவுக்காவது நிறைந்திருந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மச்சான் கிணறு அதற்குள் வற்றிவிட்டது. கதிர் ஒடிக்கும்போது அவருடையது பெரிய கதிர், உள்ளே பல் விழுந்த கிழவி வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும் மணி. என்னுடையது சின்னக் கதிர், நுனிவரை மணி. அமோக விளைச்சல் என்று சொல்லவில்லை, போட்ட காசு வந்து கொஞ்சம் மிஞ்சியது. அந்த வருஷத்தில் அதுவே பெரிது. மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழுவும் அப்போது நம் ஊருக்கு வந்திருக்கவில்லை, 2018இல்தான் வந்தது. மச்சானைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், பருத்தியில் அவரிடம் நான் பிச்சை வாங்க வேண்டும்.

இப்போது சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு. இலைத்துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே போகாது, உணவு தயாரிப்பு நிற்கும், இலை சூடேறும், ஆகவே சுருட்டினாலே நஷ்டம்தானே என்பீர்கள். நஷ்டம்தான், யார் இல்லை என்றது? தண்ணீர் இருந்தால் நானும் கட்டுவேன். இல்லாதவன் எந்த நஷ்டத்தைத் தாங்குவது என்பதுதான் இங்கே கேள்வி. சொட்டுநீரில் தினமும்தானே விடுகிறோம் என்பீர்கள். அது வேரடியில் மட்டும் இறங்குகிறது, வாய்க்கால் தண்ணீரோடு அதை ஒப்பிட முடியாது. சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் இருக்கிறது, முடிந்தால் போடுங்கள்.

செவல் மண்ணாக, அதாவது செம்மண்ணாக இருந்தால் நான் சொன்ன அளவுக்குக் காயவிடாதீர்கள், அது கரிசல் அளவுக்கு ஈரம் பிடித்துவைக்காது. பயிருக்குப் பயிரும் மாறும். நாட்டுச் சோளம் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, மழை வந்ததும் கிளம்பும். பருத்தி பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிட்டு, பிறகு ஈரம் கண்டால் மறுபடி பூக்கும். நிலக்கடலைக்கு விழுது மண்ணுக்குள் இறங்கும்போது மேல் மண் இறுகக் கூடாது. மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு தடவைதான் பூ, இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

வறட்சி என்றதும் பயிர்க் காப்பீடு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ராபி, அதாவது குளிர்காலப் பருவப் பயிருக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் வறட்சி இழப்பை உங்கள் காட்டை வைத்துக் கணக்கிட மாட்டார்கள். வருவாய்க் கிராமமோ, பல கிராமங்கள் சேர்ந்த பிர்காவோ ஒரு அலகு, அதில் சில இடங்களில் அறுவடைச் சோதனை, வருகிற சராசரிதான் எல்லோருக்கும். 2016க்கு அப்புறம் ஒரு வருஷம் மழை ரோட்டுக்கு அந்தப் பக்கமே பெய்துவிட்டுப் போனது. கண்மாய்ப் பக்கக் காடுகள் நன்றாக விளைந்தன. சராசரி நன்றாக இருந்தது. எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை. கேட்கப் போனால், "உங்க ஊர்ல நல்ல விளைச்சலாச்சே சார்" என்று கணினியைத் திருப்பிக் காட்டுகிறார்கள். என் ஊரில் விளைந்தது, என் காட்டில் விளையவில்லை என்பதை எந்த மனுவில் எழுதுவது? படிவத்தில் சர்வே எண் மட்டும் உட்பிரிவோடு கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் காட்டுக்கு வருவோம். கரிசல் வெடிப்பு விட்டிருந்தால் முதலில் கொத்திவிட்டு வெடிப்பை மூடுங்கள். வெடிப்பு வழியாக அடி ஈரம் ஆவியாகும், வேரும் அறுபடும். களையையும் விட்டுவைக்காதீர்கள், அது குடிப்பதும் உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். சாயங்கால வேளையில் 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு, அதாவது லிட்டருக்கு 10 கிராம் கலந்து தெளிக்கலாம். இலைத்துளை திறந்து மூடுவதே பொட்டாஷ் சத்தை வைத்துத்தான். அதுவே தண்ணீருக்கு ஈடாகும் என்று மருந்துக்கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

பயிருக்கு எத்தனை நாள் ஆகிறது, கரிசலா செவலா, விடிகாலையில் இலை எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். கரிசலாக இருந்து, காலையில் இலை விரிந்து நின்று, இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை என்றால் இந்த வாரம் மோட்டாரைத் தொட வேண்டாம்.