போன் பூட்டுத் திறக்க 60 டொலரோ? குடுக்காதேங்கோ

டொரொண்டோவில கொன்ட்ராக்டோட எடுத்த போன், யாழ்ப்பாணம் போய் அங்கத்தைய சிம் போடவேணும், வேற கம்பனி சிம் வேலைசெய்யாத மாதிரி போனில போட்டிருக்கிற பூட்டைத் திறக்கக் கடைக்காரர் 60 டொலர் கேட்கிறார் எண்டு எழுதியிருக்கிறீங்கள். கடையை விடுங்கோ, போன் சேவை தாற கம்பனிக்குக் கோல் அடியுங்கோ. 2017 டிசம்பர் 1இல இருந்து, பூட்டிக் குடுத்த போனை வாடிக்கையாளர் கேட்டால் கம்பனி இலவசமாத் திறந்து தரவேணும். கனடாவில தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்திற சிஆர்டிசி, மொபைல் கம்பனிகளுக்குப் போட்ட வயர்லெஸ் கோட் எண்ட விதிமுறை அது. பழைய போனுக்கும் பொருந்தும்.

*#06# அடிச்சால் வாற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) கையில வச்சிருங்கோ, முதல்ல அதைத்தான் கேட்பினம். 'ஃபீஸ்' எண்டு இழுத்தால் வயர்லெஸ் கோட் எண்டு சொல்லுங்கோ. அப்பவும் மறுத்தால் போன் கம்பனிகளைப் பற்றின முறைப்பாடுகளை விசாரிக்கிற சிசிடிஎஸ் அமைப்புக்கு முறைப்பாடு போடலாம், அதுக்கும் காசில்லை.

களவுபோன போன் எண்டு கறுப்புப் பட்டியல்ல விழுந்திருந்தால் கதை வேற. பூட்டுத் திறந்தாலும் கனடா நெட்வொர்க்கில எடுபடாது. ஐஎம்இஐயையே மாத்தித் தாறன் எண்டு ஆரும் சொன்னால் அந்தக் கடைப்பக்கமே போகாதேங்கோ.