இடுப்பிலும் வால் பக்கத்திலும் மட்டும் ஏன் அரிக்கிறது?

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது. இரண்டு மாதமாக ஓயாமல் சொறிகிறது. இடுப்பிலும் வால் ஆரம்பிக்கும் இடத்திலும் முடி கொட்டி, வெள்ளைச் செதில் உதிர்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. தோல் வறட்சிதான் என்று நினைத்து, நாங்கள் குளிக்கும் சோப்பைப் போட்டு இரண்டு நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்டி எண்ணெய் தடவுகிறோம். குறையவில்லை. வேறு எந்த எண்ணெய் நல்லது?

பதில்: எண்ணெயையும் சோப்பையும் இன்றே நிறுத்துங்கள். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் அப்படியல்ல, மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நம் சோப்பை அடிக்கடி போட்டால் இருக்கிற எண்ணெய்ப்பசையும் போய்விடும். அந்த வறட்சியில் பாதி நீங்கள் உண்டாக்கியதாகவே இருக்கலாம். மேலே தடவுகிற எண்ணெயை அது நக்கித்தான் தீர்க்கும். டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

ஆனால் அரிப்புக்குக் காரணம் வறட்சி என்று நான் நினைக்கவில்லை. இடுப்பு, வால் அடி, பின்தொடை என்று சொறிந்தால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைதான். அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். சொறிந்தும் கடித்தும் பூச்சியை அதுவே அகற்றிவிடுவதால் நம் கண்ணில் படாது. நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கரும்புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். கசியாவிட்டாலும் பூச்சி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

நாயின் மேல் இருக்கும் பூச்சிகள் மிகச் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரைவிரிப்பிலும் கிடக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் ஒருமுறை மருந்து போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். உங்கள் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் மாத்திரையையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தையோ குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். வீட்டிலுள்ள மற்ற செல்லப்பிராணிகளுக்கும் சேர்த்துத்தான். பூனை இருந்தால் கவனம்: சில நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.

குளியல் வாரம் ஒருமுறை போதும். நாய்களுக்கான ஓட்ஸ் ஷாம்பு, வெதுவெதுப்பான நீர். நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, துளி மிச்சமில்லாமல் அலசுங்கள். சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். எண்ணெய் கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், மருத்துவர் சொல்லும் அளவில் மீன் எண்ணெயை உணவில் சேருங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும்.

பூச்சியைக் கட்டுப்படுத்திய பிறகும் அரித்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். பாதத்தை நக்குவது, அக்குளும் காதும் சிவப்பது சுற்றுச்சூழல் ஒவ்வாமையைக் காட்டும். உணவு ஒவ்வாமையும் இதே மாதிரிதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எட்டு வாரச் சோதனை உணவுதான் (மருத்துவர் சொல்லும், அது இதுவரை சாப்பிடாத உணவை மட்டும் கொடுப்பது) நம்பகமான வழி, இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும். காது விளிம்பிலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டி, வீட்டில் உங்களுக்கும் அரித்தால் சொறிப்பூச்சி. அரிப்பே இல்லாமல் முடி மட்டும் கொட்டி, எடை கூடி, சோம்பிக் கிடந்தால் தைராய்டு பார்க்க வேண்டும்.

சீழ், நாற்றம், ஈரமான புண் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் போட்டுப் பார்க்காதீர்கள். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்கள் குளிப்பாட்டாமல் அழைத்துப் போங்கள். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது ஏதாவது அகப்பட வேண்டுமே.