வாங்கும் முன் கேளுங்கள்: மூலிகை டீயும் தேன் மதுவும்

'ஹெர்பல் டீ' என்று போட்ட டப்பா வாங்கினேன். உள்ளே துளசி, இஞ்சி, எலுமிச்சைப் புல் மட்டும்தான். தேயிலையே இல்லை. இது ஏமாற்று இல்லையா? (வாசகி, ஈரோடு)

சட்டப்படி தவறுதான். கமேலியா சைனென்சிஸ் என்ற தேயிலைச் செடியிலிருந்து வருவதைத்தான் 'டீ' என்று அழைக்க வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரீன் டீ, காங்க்ரா டீ எல்லாம் அதே செடி என்பதால் அவற்றுக்குத் தடையில்லை. பூ, இலை, வேர் ஆகியவற்றை மட்டும் அடைத்துவிட்டு 'டீ' என்று எழுதினால் அது தவறான லேபிள்.

சுக்குக் காபியிலும்தான் காபி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அது ஊரறிந்த பெயர், யாரும் காபித்தூள் இருக்கும் என்று நம்பி அதை வாங்குவதில்லை. நீங்கள் நம்பி வாங்கியிருக்கிறீர்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். நானும் இப்படி ஒரு தங்க மூடி டப்பா 900 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே 20 பைகள், ஒவ்வொன்றிலும் ஒன்றரை கிராம். மொத்தம் 30 கிராம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 30,000 ரூபாய். அதில் பாதி உலர்ந்த எலுமிச்சைப் புல். நிகர எடையைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தது இன்றும் உறுத்துகிறது.

சங்குப்பூப் பொடியில் சாயம் கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? (சேலம்)

நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழியுங்கள், ஊதாவாக மாறாவிட்டால் அது பூவின் நிறம் இல்லை.

கடையில் வாங்கிய 'செம்பருத்தி' பாக்கெட் நல்ல சிவப்பாக, புளிப்பாக இருந்தது. வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியைக் காயவைத்துப் போட்டால் புளிப்பே இல்லை. எதை நம்புவது? (வாசகர், தாம்பரம்)

இரண்டையும் நம்பலாம் ஐயா, இரண்டும் வேறு வேறு செடிகள். உலகம் முழுக்க 'ஹிபிஸ்கஸ்' என்று பாக்கெட்டில் விற்பது பெரும்பாலும் ரோசெல். நம் புளிச்சைக் கீரை இனத்துச் செடி அது. பூவிதழை எடுப்பதில்லை, பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு நிற்கும் சிவந்த புல்லி வட்டத்தைத்தான் காயவைக்கிறார்கள். எகிப்தில் கர்கதே, செனகலில் பிஸ்ஸாப், மெக்சிகோவில் ஹமைக்கா என்று குடிப்பதெல்லாம் இதுதான். வீட்டு வாசலில் பூப்பது ஹிபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ். அதன் இதழில் நிறம் உண்டு, புளிப்பு கிடையாது.

விற்பவர் செய்யும் தப்பு, உள்ளே ரோசெல்லை வைத்துவிட்டு அட்டையில் நம் வீட்டுச் செம்பருத்திப் படத்தைப் போடுவது. பொருட்பட்டியலில் 'சப்தாரிஃபா' என்று இருந்தால் ரோசெல். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால், தினமும் குடிக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரோசெல் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது.

ஆன்லைனில் தள்ளுபடி என்று கெமோமில் பூப் பாக்கெட் 12 வாங்கினேன். இரண்டு குடித்துப் பார்த்தேன், வாசனை பிடிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், திருச்சி)

கிடைக்காது. கெமோமில் கெமோமில் போலத்தான் மணக்கும். முதலில் ஒரு பாக்கெட் வாங்கியிருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு 58 வயது. உடல் எடை குறையும் என்று 'டீடாக்ஸ் டீ' நான்கு மாதம் குடித்தார். முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கியது. அப்புறம் அடிக்கடி வயிற்றுப் பிடிப்பு, கால் தளர்ச்சி. போன மாதம் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்றார்கள். பாக்கெட்டில் '100% இயற்கை' என்று இருக்கிறது. நாங்கள் யாரைக் கேட்பது? (மகள், மதுரை)

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பாக்கெட்டின் முன்பக்கம் ஒரு வாக்குறுதி கொடுத்தது, அவர் நம்பினார்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பொருட்பட்டியலின் இரண்டாவது பெயர் 'ஸ்வர்ணபத்ரி'. அது நிலாவரை. இதே இலையைச் சில பாக்கெட்டில் 'சென்னா' என்பார்கள், சிலவற்றில் 'சனாய்', சிலவற்றில் 'காசியா அங்குஸ்டிஃபோலியா', 'சென்னா அலெக்ஸாண்ட்ரினா'. எத்தனை பெயர் போட்டாலும் செடி ஒன்றுதான். நாட்டு மருந்துக் கடையில் நிலாவரை என்று கேட்டால் சில பத்து ரூபாய்க்குக் கட்டிக் கொடுப்பார்கள், கூடவே 'பேதிக்கா?' என்றும் கேட்பார்கள். அந்தக் கடைக்காரர் கேட்கும் அந்த ஒரு கேள்வியை இந்தப் பாக்கெட் கேட்பதில்லை. இத்தனை வருடமாக இந்தப் பகுதியில் நான் கோபப்படும் விஷயம் இதுதான்.

நிலாவரையைக் குறை சொல்லவில்லை. உலகச் சந்தையில் அதற்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா', நம் திருநெல்வேலியின் பெயர். தென் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறும் நல்ல மருந்து. மலச்சிக்கலுக்கு, அளவோடு, சில நாட்களுக்கு. ஓரிரு வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

அது எடையைக் குறைப்பதாகத் தோன்றுவது ஏன் என்றால், அது வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆகவே வெளியேறுவது கொழுப்பு இல்லை, தண்ணீரும் உப்பும்தான். தராசில் இரண்டு கிலோ இறங்கும், தண்ணீர் குடித்தால் ஏறிவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பொட்டாசியம் போகும், தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதைப் 'பேதி மருந்து' என்று எழுதினால் யாரும் நான்கு மாதம் குடிக்க மாட்டார்கள். 'டீடாக்ஸ் டீ' என்று எழுதியதால்தான் உங்கள் அம்மா குடித்தார். பெயரை மாற்றியதுதான் இங்கே நடந்த குற்றம்.

இப்போது செய்ய வேண்டியது: மீதமிருக்கும் பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். பில், ஆர்டர் விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மருத்துவமனை அறிக்கை எல்லாவற்றையும் ஒன்றாக வையுங்கள். பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் உடலுக்குத் தீங்கு வந்தால் தயாரித்தவரும் விற்றவரும் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். வழக்கு எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

கொழும்பில் ரணவரா, பொல்பலா, பெலிமல் என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். தமிழில் இவை என்ன? (வாசகி, வெள்ளவத்தை)

ரணவரா ஆவாரம்பூ, பொல்பலா சிறுபீளை, பெலிமல் வில்வப்பூ. கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் கொத்தில் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இருக்கும், அதே செடிகள்தான். பெயர் புதிது என்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

வீட்டிலேயே தேன் மது செய்யலாமா? வீடியோ பார்த்தேன், எளிதாகத் தெரிகிறது. (கோவை)

தமிழ்நாட்டில் கூடாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

டொராண்டோவில் இருக்கிறேன். ஒரு கிலோ தேனைத் தண்ணீர் சேர்த்து 4 லிட்டராக்கி ஈஸ்ட் போட்டேன். மூன்று வாரத்தில் குமிழி நின்றது, திருகுமூடி பாட்டிலில் அடைத்தேன். பத்தாம் நாள் இரண்டு பாட்டில் வெடித்துச் சமையலறை முழுக்கக் கண்ணாடி. மட்டமான ஈஸ்ட் விற்றதாகக் கடை மேல் புகார் செய்யலாமா?

கடை மேல் என்ன தப்பு தம்பி? குமிழி நின்றால் நொதித்தல் முடிந்தது என்று உங்களுக்குச் சொன்னது யார்? தேனில் சர்க்கரை ஏராளம், ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு. அதனால் ஈஸ்ட் பாதியில் சோர்ந்து நிற்கும், அறை சூடானதும் மறுபடி கிளம்பும். நீங்கள் மூடியை இறுக்கிய பிறகு அது கிளம்பியிருக்கிறது. வாயுவுக்குப் போக இடமில்லை.

திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. உங்கள் அளவுக்குத் தொடக்கத்தில் 1.080-ஐ ஒட்டிக் காட்டும். 1.000-க்கு வந்து, இரண்டு மூன்று வாரம் தள்ளிப் பார்த்தாலும் அதே எண்ணில் நின்றால்தான் முடிந்தது என்று அர்த்தம். அப்போது ஆல்கஹால் 10 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அதுவரை ஏர்லாக் (வாயுவை மட்டும் வெளியே விடும் மூடி) போட்ட ஜாடியை விட்டு எடுக்க வேண்டாம், ஈஸ்டுக்கான சத்துப்பொடியையும் சேருங்கள். மீதி பாட்டில்களை இன்றே தடித்த துணியால் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த பிறகு, முகத்தைத் தள்ளி வைத்து மெதுவாகத் திறங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைப் படித்து முடிக்கும் முன்பே செய்யுங்கள்.

தேன் மதுவை ஆங்கிலப் பெயரில் 'மீட்' என்று எழுதினால் எல்லோரும் இறைச்சி என்று நினைக்கிறார்கள். தமிழில் பெயர் இல்லையா? அப்புறம் இங்கே கடையில் மெத்தெக்ளின், மெலமல், சைசர் என்று ஏதேதோ பெயர். எதை வாங்குவது? (வாசகர், லண்டன்)

இருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் 'நீடமை விளைந்த தேக்கள் தேறல்' என்று வருகிறது. நீண்ட மூங்கில் குழாயில் முற்றிய தேன் கள்ளின் தெளிவு. மலையில் கானவர் தம் சுற்றத்தோடு குடித்தது. தேக்கள் என்றே சொல்லலாம், எனக்கு ரொம்பப் பிடித்த சொல்.

தேன், தண்ணீர், ஈஸ்ட் மட்டும் என்றால் வெறும் மீட். பழம் சேர்த்தால் மெலமல். அதிலேயே ஆப்பிள் சாறு என்றால் சைசர், திராட்சை என்றால் பைமென்ட். மூலிகையோ மசாலாவோ சேர்த்தால் மெத்தெக்ளின். வேல்ஸ் மொழியில் மருத்துவத்தைக் குறிக்கும் 'மெதிக்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. இஞ்சி, பட்டை, ஏலக்காய் போட்டது கிடைத்தால் நம் நாக்குக்கு ஒத்துவரும். தேனை முதலில் கருகக் காய்ச்சிச் செய்தால் போஷே, மால்ட் (முளைகட்டிய தானியம்) சேர்த்தால் பிராகட். 'ஹைட்ரோமெல்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆல்கஹால் குறைந்தது, ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு எல்லா மீடும் ஹைட்ரோமெல்தான். ஆகவே பெயரை விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. திராட்சை ஒயினில் தேன் கலந்து மீட் என்று விற்பதும் உண்டு. ஒரு விமான நிலையக் கடையில் பழைய மடாலயப் படம் போட்ட பாட்டிலை நண்பருக்காக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் படித்தால் முதலில் ஒயின், அப்புறம்தான் தேன். அதைப் பரிசாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலைத் திருப்பி, 'தேனை நொதிக்கவைத்துச் செய்தது' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

போலந்தில் படிக்கிறேன். மலிவாக இருந்ததால் ச்வுர்னியாக் என்ற மீட் வாங்கினேன், இனிப்பே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. போலந்துக்காரர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அவர்கள் பெயரிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள். பூவ்தோராக் என்றால் ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு தண்ணீர். த்வுய்னியாக்கில் ஒன்றுக்கு ஒன்று, த்ருய்னியாக்கில் ஒன்றுக்கு இரண்டு, நீங்கள் வாங்கிய ச்வுர்னியாக்கில் ஒன்றுக்கு மூன்று. ஊறவைக்கும் காலமும் அதற்கேற்ப: பூவ்தோராக் குறைந்தது 3 வருடம், த்வுய்னியாக் 2 வருடம், த்ருய்னியாக் ஒரு வருடம், ச்வுர்னியாக் 9 மாதம். 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அடுத்த முறை த்வுய்னியாக் சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

கட்டைவிரலில் சொட்டினால் ஒழுகாத தேன்தான் அசல் என்கிறார்களே? (தேனி)

கெட்டியான வெல்லப்பாகும் ஒழுகாது. தீக்குச்சி, எறும்பு சோதனைகளும் அப்படித்தான். மலைப்பாதை ஓரத்தில் தேனடை மிதக்கும் பாட்டிலை 600 ரூபாய்க்கு வாங்கி, அடியில் வெல்லப்பாகைக் கண்டவன் நான். ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகுகள் வந்துவிட்டன. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 பிராண்டுகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை 3. பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் நேரில் போய் வாங்குங்கள். அது குளிரில் உறைந்தால் கலப்படம் என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், நல்ல தேனும் உறையும்.

எட்டு மாதக் குழந்தைக்குத் துளசி நீரில் தேன் கலந்து கொடுக்கலாமா? 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்று பாக்கெட்டில் இருக்கிறது. (விழுப்புரம்)

கூடாது. ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் விதைகளைத் தாங்கும் குடல் அந்த வயதில் இல்லை. அந்தப் பாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.